வாசலில் கிடந்தவரைக் கண்ட பொதுநிலையினர்



லூக்கா நற்செய்தி 16ஆம் பிரிவில் வரும் செல்வர், இலாசர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்தச் செல்வர் இலாசரை அடித்தார் என்றோ, வாசலைவிட்டுத் துரத்தினார் என்றோ இயேசு சொல்லவில்லை. இலாசர் வாசலில் கிடந்தார்; செல்வர் உள்ளே விருந்துண்டார். அவ்வளவுதான். போகும்போதும் வரும்போதும் தாண்டிச் சென்ற ஒரு மனிதரை மனிதராகவே பார்க்காமல் போனார். அதுதான் அவருடைய பாவம்.

இந்த உவமையை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்று 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குச் செல்வோம். அங்கே ஆங்கிலிக்கன் சபையில் பெரியதோர் ஆன்மிக மறுமலர்ச்சி எழுந்தது. நம் திருஅவையோடு முழு ஒன்றிப்பில் இல்லாத ஒரு சபையின் வரலாறு நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்த மறுமலர்ச்சிதான் நமக்குப் புனித ஜான் ஹென்றி நியூமனைத் தந்தது. அத்துடன், ஒரு சபை செபத்தில் விழித்தெழும்போது ஏழைகளைக் காணவும் விழித்தெழுகிறதா என்ற கேள்விக்கு அந்த வரலாறு தெளிவான பதில் தருகிறது. அந்தப் பதிலை எழுதியவர்களில் மிகப் பலர் பொதுநிலையினர்.

அன்றைய நிலையைச் சற்றுப் பார்ப்போம். ஆங்கிலிக்கன் சபை அரசின் சபையாக இருந்தது. ஆயர்கள் பிரபுக்கள் அவையில் அமர்ந்தார்கள். மான்செஸ்டர், லீட்ஸ், பிராட்ஃபோர்டு போன்ற ஊர்கள் ஆலைப் புகையோடு வளர்ந்துகொண்டிருந்தன. அங்கே குடியேறிய தொழிலாளருக்குப் போதிய கோவில்கள் இல்லை. இருந்த கோவில்களிலும் இருக்கைகள் பல வாடகைக்கு விடப்பட்டிருந்தன. பணம் கட்டிய குடும்பம் கதவு வைத்த இருக்கையில் அமரும். ஏழைகளுக்குப் பின்வரிசையோ நடைபாதையோதான் கிடைக்கும். கோவிலில் யார் எங்கே உட்காரலாம் என்ற கேள்வியின் வலி, நம் மண்ணைச் சேர்ந்த நமக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

1831 அக்டோபரில், வாக்குரிமையை விரிவாக்கும் சட்ட முன்வரைவு பிரபுக்கள் அவைக்கு வந்தபோது 21 ஆயர்கள் அதற்கு எதிராக வாக்களித்தார்கள். முன்வரைவு தோற்றது. அந்த மாத இறுதியில் பிரிஸ்டல் நகரில் மூண்ட கலவரத்தில் ஆயர் இல்லம் எரிக்கப்பட்டது. மக்களுக்கும் சபைத் தலைவர்களுக்கும் இடையே அவ்வளவு பெரிய பிளவு இருந்தது.

இந்தப் பிளவின் நடுவேதான் ஒரு நிகழ்ச்சி நடந்தது. ரிச்சர்ட் ஓஸ்ட்லர் என்பவர் யார்க்‌ஷயர் பகுதியில் ஒரு நிலக்கிழாரின் பண்ணை மேலாளராக இருந்தார். பக்தியுள்ள ஆங்கிலிக்கன் பொதுநிலையினர். கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் கறுப்பின மக்கள் அடிமைகளாக வதைபடுவதை எதிர்த்து உழைத்தவர். 1830 செப்டம்பரில் அவர் பிராட்ஃபோர்டில் ஜான் வுட் என்ற நண்பரின் வீட்டில் தங்கினார். வுட் ஒரு பெரிய கம்பளி நூற்பாலையின் உரிமையாளர். அவர் ஓஸ்ட்லரிடம் ஓர் உண்மையைச் சொன்னார். நீங்கள் கடல் கடந்த அடிமைகளுக்காகப் போராடுகிறீர்கள். ஆனால் இந்த ஊர் ஆலைகளில் சின்னஞ்சிறு பிள்ளைகள் விடியற்காலை முதல் இரவு வரை வேலை வாங்கப்படுகிறார்கள், சோர்ந்தால் அடிக்கப்படுகிறார்கள் என்பதே அதன் சாரம். தம் ஆலையையும் அவர் விட்டுவைத்துப் பேசவில்லை. மறுநாள் காலையில், இரவெல்லாம் தூங்காமல் விவிலியத்தோடு இருந்த வுட், ஓஸ்ட்லரின் கையைப் பற்றிக்கொண்டு, இந்தக் கொடுமையை ஒழிக்கப் பாடுபடுவதாக வாக்குக் கேட்டார்.

ஓஸ்ட்லர் வாக்குக் கொடுத்தார். அன்றே செய்தித்தாளுக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘யார்க்‌ஷயர் அடிமைத்தனம்’ என்ற தலைப்பில் 1830 அக்டோபர் 16 அன்று ‘லீட்ஸ் மெர்குரி’ அதை வெளியிட்டது. நாடே அதிர்ந்தது.

அன்பார்ந்தவர்களே, பல ஆண்டுகளாக அந்த ஆலைகளின் அருகே வாழ்ந்தவர்தான் ஓஸ்ட்லர். தொலைவில் இருந்த இலாசர் அவருக்குத் தெரிந்தார். தம் வாசலில் கிடந்த இலாசர் தெரியவில்லை. அவருடைய கண்ணைத் திறந்தவர் ஓர் ஆயரோ அருள்பணியாளரோ அல்லர். இலாபக் கணக்கைத் தம் கையில் வைத்திருந்த ஆலை முதலாளி ஒருவரே திறந்தார். ஆலைக்குள் நடப்பது ஆலைக்குள் நிற்பவருக்குத்தான் தெரியும். பொதுநிலையினர் தம் வேலைத்தலத்தில் நிற்பதே ஓர் அழைத்தல் என்பதன் பொருள் இதுதான்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு நடந்தது நீண்ட போராட்டம். மைக்கேல் சாட்லர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1832இல் ஒரு விசாரணைக் குழுவை நடத்தி, ஆலைத் தொழிலாளர்களையே வரவழைத்துப் பேச வைத்தார். அவர் அடுத்த தேர்தலில் தோற்றபோது, பொறுப்பு ஆஷ்லி பிரபு என்ற இளைஞரிடம் வந்தது. பின்னாளில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு எனப் பெயர் பெற்றவர் அவரே. 1833 ஆகஸ்டில் தொழிற்சாலைச் சட்டம் நிறைவேறியது. பட்டு ஆலைகள் தவிர்த்த நெசவு, நூற்பாலைகளில் 9 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடாது. 13 வயதுக்குட்பட்டோருக்கு வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. இதைவிட முக்கியமான ஒன்றும் அதில் இருந்தது. அரசு 4 ஆய்வாளர்களை நியமித்தது. அதற்கு முன்பும் சட்டங்கள் இருந்தன. அவற்றை நடைமுறைப்படுத்தக் கேட்பாரில்லை. ஆலைக் கதவைத் தட்டி உள்ளே போய்ப் பார்க்கும் அதிகாரம் ஒருவருக்கு இருந்தால்தான் சட்டம் உயிர் பெறும்.

அந்த 1833ஆம் ஆண்டுக் கோடைக்காலம் வியப்பானது. ஜூலை 14 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் கீபிள் ஆற்றிய மறையுரையைத்தான் ஆக்ஸ்ஃபோர்டு இயக்கத்தின் தொடக்கமாக நியூமன் கருதினார். அயர்லாந்தின் ஆயர் பீடங்களை அரசு தன் விருப்பப்படி குறைக்கலாமா என்பதே கீபிளின் கவலை. ஜூலை 29 அன்று, அடிமை வணிகத்துக்கு எதிராக வாழ்நாளெல்லாம் போராடிய பொதுநிலையினரான வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் இறந்தார். அடிமை ஒழிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் வெல்லப்போகிறது என்ற செய்தி அவர் கண்மூடுவதற்குச் சில நாள் முன்பு அவருக்குக் கிடைத்தது. ஆகஸ்ட் 28 அன்று அது சட்டமானது. மறுநாள் தொழிற்சாலைச் சட்டம். ஏழே வாரங்களுக்குள் இத்தனையும் நடந்தன. பீடத்தைப் பற்றிய கவலையும் பிள்ளைகளைப் பற்றிய கவலையும் ஒரே சபையில், ஒரே கோடையில், தனித்தனித் தெருக்களில் நடந்துகொண்டிருந்தன.

இங்கே நாம் கசப்பான உண்மையையும் சொல்லவேண்டும். அடிமைகளை விடுவிக்க நாடாளுமன்றம் ஒதுக்கிய 2 கோடி பவுண்டு அடிமைகளுக்குச் செல்லவில்லை. அவர்களை வைத்திருந்த உரிமையாளர்களுக்கு இழப்பீடாகச் சென்றது. நற்செய்தி பரப்புவதற்காக நிறுவப்பட்ட ஓர் ஆங்கிலிக்கன் சங்கமே பார்படோஸ் தீவில் அடிமைகள் உழைத்த தோட்டங்களை வைத்திருந்தது. இழப்பீட்டிலும் பங்கு பெற்றது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது என்றும் எழுதி வைத்தார்கள். நம் மண்ணில் வயல்களில் அடிமைகளாய் உழைத்தவர்கள், அடிமைநிலையைச் சட்டம் ஏற்க மறுக்கும் நாளுக்காக 1843 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பக்தி இருந்தும் கண் மூடியிருக்கலாம். இது எந்தச் சபைக்கும் எச்சரிக்கை. நம் திருஅவையின் வரலாற்றிலும் இத்தகைய பக்கங்கள் உண்டு.

ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் விசுவாசம் எங்கிருந்து வந்தது? பெருஞ்செல்வர் வீட்டில் பிறந்தும், பெற்றோரின் அன்பு அறியாமல் வளர்ந்த பிள்ளை அவர். அந்த வீட்டில் வேலைசெய்த மரியா மில்லிஸ் என்ற பெண்தான் அவரை அருகில் அமர்த்தி விவிலியக் கதைகளைச் சொல்லி, செபிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் விட்டுச் சென்ற கைக்கடிகாரமல்லாத பையில் வைக்கும் கடிகாரத்தைப் பிரபு இறுதிவரை தம்மோடு வைத்திருந்தார். ஒரு வேலைக்காரப் பெண் ஊன்றிய விதை, 1842இல் சுரங்கச் சட்டமாக முளைத்தது. நிலக்கரிச் சுரங்க இருட்டில் சிறுபிள்ளைகள் கதவு திறக்கக் காத்திருப்பதையும், பெண்களும் சிறுமிகளும் சங்கிலி பூட்டி வண்டி இழுப்பதையும் அரசு அறிக்கை படங்களோடு காட்டியது. பெண்களும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களும் சுரங்கத்துக்குள் இறங்குவதை அந்தச் சட்டம் தடைசெய்தது. 1847இல் பெண்களுக்கும் இளையோருக்கும் நாளுக்கு 10 மணி நேர வேலை என்ற சட்டமும் வந்தது.

ஆனால் அவருடைய தந்தையின் பண்ணையில் கூலிகள் பாழடைந்த குடிசைகளில்தான் இருந்தார்கள். ஆலை முதலாளிகள் அதைச் சுட்டிக்காட்டி அவரைக் குத்திக்காட்டினார்கள். 1851இல் பண்ணை தம் கைக்கு வந்தபோது, கடன் சுமையோடு அந்த வீடுகளைச் சீர்செய்யத் தொடங்கினார். மற்றவர் வாசலைச் சுட்டிக்காட்டுபவர் தம் வாசலையும் பார்த்தாக வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு இயக்கத்தினரும் பீடத்தோடு நின்றுவிடவில்லை. நற்கருணை, பாவசங்கீர்த்தனம், நோன்பு ஆகியவற்றை மீட்டெடுத்தவர்கள், அதே நற்கருணை ஆண்டவரை ஏழைகளில் தேடினார்கள். ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் உறவினரான எட்வர்ட் பியூசி, லீட்ஸ் நகரின் ஏழைப் பகுதியில் ஒரு கோவில் கட்டப் பெயர் சொல்லாமல் பணம் கொடுத்தார். 1866இல் இலண்டனின் கிழக்குப் பகுதியில் காலரா பரவியபோது, பேராசிரியரான அவர் நோயாளிகளின் வீடுகளுக்கு நேரில் சென்றார். 1848இல் பிரிசில்லா லிடியா செல்லன் என்ற இளம்பெண், டெவன்போர்ட் துறைமுகத்தில் ஏழைகளுக்கு உதவ ஆள் வேண்டும் என்ற ஆயரின் அழைப்பைப் படித்துக் கிளம்பினார். அவரைச் சுற்றி ஒரு சகோதரிகள் குழு உருவானது. அடுத்த ஆண்டு அங்கே காலரா தாக்கியபோது அந்தச் சகோதரிகள் நோயாளிகளைப் பராமரித்தார்கள். 1854இல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலோடு கிரிமியப் போர்முனைக்குப் போனவர்களில் இந்தக் குழுவினரும் இருந்தார்கள். நம் கத்தோலிக்க அருள்சகோதரிகளும் இருந்தார்கள். சேரியிலும் துறைமுகத்திலும் எழுந்த இவ்வியக்கத்தின் கோவில்களில் இருக்கை வாடகை ஒழிந்தது. முந்தி வந்தவர் முன்னே அமர்ந்தார்.

இருந்தாலும் ஒரு குறை தொடர்ந்தது. 1851இல் எடுத்த வழிபாட்டுக் கணக்கெடுப்பு, போக முடிந்தும் கோவிலுக்குப் போகாதவர்கள் 50 இலட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் தொழிலாளர். ஓஸ்ட்லரும் ஷாஃப்ட்ஸ்பரியும் தொழிலாளருக்காகப் பேசினார்கள். ஆனால் தொழிலாளருக்கு வாக்குரிமை தரத் தயங்கினார்கள். ஏழைக்கு இரங்குவது ஒன்று. ஏழையின் பேச்சைக் கேட்பது வேறொன்று.

இந்த அடுத்த படியை எடுத்துவைக்கத் தூண்டியவர் ஜான் மால்கம் லட்லோ என்ற வழக்கறிஞர். இந்தியாவில் நீமச் என்ற ஊரில் பிறந்து பாரிசில் வளர்ந்தவர். 1848இல் பிரான்சில் புரட்சி வெடித்தபோது அங்கே நேரில் சென்று பார்த்தார். தொழிலாளரின் நியாயமான கோரிக்கைகளோடு கிறிஸ்தவம் கைகோக்காவிட்டால் இரண்டுக்கும் கேடு என்று, இறையியலாளரான ஃபிரெடரிக் டெனிசன் மோரிஸ் அவர்களுக்கு எழுதினார். எழுத்தாளரான அருள்பணியாளர் சார்லஸ் கிங்ஸ்லியும் அவர்களோடு சேர்ந்தார். 1849 முதல் இலண்டனில் ஒரு காப்பிக் கடையில் தொழிலாளரோடு உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். குருக்கள் திட்டு வாங்கினார்கள், பொறுமையாகக் கேட்டார்கள்.

அங்கே தெரியவந்தது தையல்காரர்களின் நிலை. கடைக்காரர் ஒப்பந்தக்காரரிடம் கொடுப்பார். அவர் இன்னொருவரிடம் கொடுப்பார். ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்துக்கொள்ள, காற்றோட்டமில்லாத அறையில் இரவும் பகலும் தைப்பவருக்கு மிஞ்சுவது அரை வயிற்றுக் கூலி. துணி மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் இதுதான். மலிவு விலைச் சட்டையை வாங்கும் கிறிஸ்தவருக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று கிங்ஸ்லி கடுமையாக எழுதினார். 1850இல் தையல்காரர்களே நடத்தும் கூட்டுறவுத் தொழிற்கூடம் தொடங்கியது. அப்படித் தொடங்கியவற்றில் பல சில ஆண்டுகளில் மூடப்பட்டன. ஆனால் லட்லோவும் நண்பர்களும் பாடுபட்டதால் 1852இல் கூட்டுறவுச் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. 1854இல் தொழிலாளர் கல்லூரி ஒன்றும் பிறந்தது. சட்டம் தெரிந்த ஒரு பொதுநிலையினர் தம் சட்ட அறிவையே காணிக்கையாக்கினார்.

ஜோசஃபின் பட்லர் என்ற பெண்ணையும் நாம் மறக்கக்கூடாது. ஓர் ஆங்கிலிக்கன் குருவின் மனைவி. தம் சின்ன மகள் மாடியிலிருந்து விழுந்து இறந்ததைக் கண்டு நொறுங்கிப்போன அவர், தம்மைவிட அதிகத் துயரப்படுவோரைத் தேடி லிவர்பூல் நகரின் ஏழைகள் விடுதிக்குப் போனார். அங்கே பெண்கள் பழைய கப்பல் கயிற்றை நார்நாராகப் பிரிக்கும் வேலையில் இருந்தார்கள். அவர் தரையில் அவர்களோடு உட்கார்ந்து அதே வேலையைச் செய்தார், அவர்களோடு செபித்தார், நோயுற்றுச் சாகும் நிலையில் இருந்தவர்களைத் தம் வீட்டுக்கே அழைத்துவந்து பராமரித்தார். படைவீரர் தங்கும் ஊர்களில் ஒரு பெண்ணை விலைமாது என்று காவலர் குறித்துவிட்டால், அவரைக் கட்டாய மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தலாம் என்று அன்று ஒரு சட்டம் இருந்தது. ஆண்களுக்கு எந்தச் சோதனையும் இல்லை. இந்த அநீதியை எதிர்த்து 1869 முதல் அவர் மேடை ஏறினார். ஒரு மரியாதைக்குரிய பெண் பேசக்கூடாத பொருள் என்று ஏசினார்கள், கூட்டங்களில் தாக்கினார்கள். கணவர் அவர் பக்கம் நின்றார். 1886இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. பிறகு இந்தியாவின் இராணுவக் குடியிருப்புகளில் நடந்த அதே அநீதிக்கு எதிராகவும் அவர் குரல் எழுப்பினார்.

இப்போது நியூமனிடம் வருவோம். 1845இல் கத்தோலிக்கத் திருஅவையில் சேர்ந்த அவர், 1859இல் ஒரு கட்டுரை எழுதினார். 4ஆம் நூற்றாண்டில் கிறிஸ்துவின் இறைத்தன்மையை மறுத்த ஆரியுவின் கொள்கை பரவியபோது, ஆயர்கள் பலர் தடுமாறினார்கள். விசுவாசத்தை விடாமல் காத்தவர்களில் எளிய இறைமக்கள் முன்னின்றார்கள் என்று அதில் எடுத்துக்காட்டினார். அதனால் உரோமையில் அவர்மீது புகார் போனது. பொதுநிலையினர் என்றால் யார் என்ற பொருளில் அவருடைய ஆயர் கேட்டபோது, அவர்கள் இல்லாவிட்டால் திருஅவை பார்க்க வேடிக்கையாக இருக்கும் என்று நியூமன் பதில் சொன்னார். அதே நியூமன் 1879இல் கர்தினாலானார்; 2019 அக்டோபர் 13 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆங்கிலிக்கன் குருவாயிருந்து நம் திருஅவைக்கு வந்த இன்னொருவர் கர்தினால் மேனிங். 1889இல் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் மணிக்கு 6 பென்சு கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, 81 வயதில் நடுவராக நின்று அவர்களுக்கு நியாயம் கிடைக்க உதவினார். ஈராண்டு கழித்துத் திருத்தந்தை 13ஆம் லியோ, தொழிலாளர் உரிமை பற்றிய தம் சுற்றுமடலை வெளியிட்டார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், உலகக் காரியங்களை நற்செய்தியின் ஒளியில் சீரமைப்பது பொதுநிலையினருக்கே உரிய பணி என்று போதித்தது.

அன்பார்ந்தவர்களே, நம் பங்கில் பொதுநிலையினரின் பணி என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது? வாசகம் வாசிப்பது, பாடற்குழு, திருவிழாக் கணக்கு, பீடத்துக்குப் பூ வைப்பது. எல்லாம் நல்லவை, தேவையானவை. ஆனால் ஜான் வுட் தம் ஆலையில் பார்த்ததை எந்தப் பங்குப் பேரவையும் பார்த்திருக்க முடியாது. கடைக் கணக்கு எழுதுபவருக்குத்தான் யாருடைய கூலி பிடிக்கப்படுகிறது என்று தெரியும். எந்தப் பிள்ளை பள்ளிக்கு வராமல் வேலைக்குப் போகிறது என்று ஆசிரியருக்குத்தான் தெரியும். மருத்துவமனையில் யாருக்குப் பதில் சொல்ல ஆளில்லை என்று செவிலியருக்குத்தான் தெரியும். நம் வீட்டில் வேலைசெய்யும் அக்காவுக்கு மாதம் எத்தனை நாள் விடுப்பு என்று நமக்குத்தான் தெரியும். இவற்றையெல்லாம் அருள்பணியாளர் மறையுரை மேடையிலிருந்து காண முடியாது. நாம்தான் காண்கிறோம். கண்டதைச் சொல்வதும், சொன்னதற்காக இழப்பு வந்தால் தாங்குவதும் நம் திருமுழுக்கின் கடமை.

ஆகவே, அடுத்த அன்பியக் கூட்டத்தில் லூக்கா 16ஆம் பிரிவை வாசிப்போம். வாசித்தபின் விளக்கம் தேடி அலையவேண்டாம். நான் வேலைசெய்யும் இடத்தில், நான் நாள்தோறும் கடந்துபோகும் வாசலில் கிடப்பவர் யார் என்று ஒவ்வொருவரும் ஒருவரைச் சொல்வோம். பெயர் தெரியாவிட்டால், பெயரைக் கேட்டறிவதே அந்த வாரத்தின் முதல் வேலையாகட்டும்.

இலாசரின் பெயரை அறிந்த ஆண்டவரே, நாங்கள் தாண்டிப்போகும் மனிதரை எங்கள் கண்ணுக்குக் காட்டியருளும். கண்டபின் வாய்மூடி இராத துணிவையும் எங்களுக்குத் தந்தருளும். ஆமென்.